நூற்று எழுபத்திரண்டு

கருவி மூன்று முறை கூவி ஓய்ந்தது. ஒடெஸ்ஸா எண்ணைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

மேலே நூற்று எழுபத்திரண்டு. கீழே நூற்று நான்கு.

"என்ன தின்னே?" என்றாள்.

"எங்க தின்னேன்? இன்னும் காபியே குடிக்கல."

"நேத்து?"

"நீ குடுத்தது."

"நான் குடுத்ததுக்கு இந்த நம்பர் வராது, ஃபெர்மன்."

ஃபெர்மன் டாலிவர் கையைச் சுற்றியிருந்த பட்டையைப் பிய்த்து மேசைமேல் போட்டார். பதினோரு வாரமாக அந்த வீட்டில் நடக்கும் யுத்தம் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் மேக்கன் நகரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். வயது ஐம்பத்தேழு. ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. வழக்கமான ஒரு வருடச் சான்றிதழுக்குப் பதில் மூன்று மாதச் சான்றிதழ்தான் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் நூற்று நாற்பதுக்கு இறங்கினால் பேருந்து. இறங்காவிட்டால் வீடு.

டாக்டர் ஒரு சின்ன மாத்திரையும் ஒரு நீளமான பட்டியலும் கொடுத்தார். மாத்திரையை ஃபெர்மன் வாங்கிக்கொண்டார். பட்டியலை ஒடெஸ்ஸா வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே உப்பு ஜாடி, பன்றி இறைச்சி, டப்பா சூப்பு, ஊறுகாய், சிப்ஸ் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. ஐஸ்பெட்டியில் இருந்த பீர் அடுத்த வீட்டுக்குப் போனது. விடிவதற்கு முன்னால் பள்ளி மைதானத்தை எட்டுச் சுற்று நடந்துவிட்டுத்தான் ஃபெர்மன் பேருந்தைக் கிளப்புகிறார்.

பலன் இருந்தது. ஆறாவது வாரத்தில் நூற்று நாற்பத்திரண்டு. ஒடெஸ்ஸா அன்றைக்கு அவருக்கு முத்தம் கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் ஏற ஆரம்பித்தது. நாற்பத்தெட்டு, ஐம்பத்தேழு, அறுபத்தைந்து. இன்றைக்கு எழுபத்திரண்டு. அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை. நடுவில் ஐந்தே நாள்.

"லஞ்ச் டப்பாவ எடு" என்றாள் ஒடெஸ்ஸா.

"எதுக்கு?"

"எடுன்னா எடு."

அவளே எடுத்தாள். திறந்து முகர்ந்தாள். அவருடைய காக்கிச் சட்டைப் பைகளைத் துழாவினாள். அப்புறம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற அவருடைய சின்ன பிக்கப் லாரிக்கே போய்விட்டாள். ஃபெர்மன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரன் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவனும் பார்த்தான்.

இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பையோடு வெளியே வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஊறிப்போன பை. பெட்ரோல் பங்கில் விற்கும் சாஸேஜ் பிஸ்கட்டை, உப்புக்கறி வைத்த ரொட்டியை, மடித்துத் தரும் பை.

"இது என்ன?"

"அது ரூடியோடது. அவன் வண்டி ரிப்பேரு. வியாழக்கிழமை நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"ரூடியோடது!"

"போன் பண்ணிக் கேளு."

"ஏன் கேக்கணும்? அவன் உன் சிநேகிதன். உனக்காகப் பத்துப் பொய் சொல்லுவான்." பையை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "நான் ஒண்ணொண்ணா லேபிள் படிச்சு, ரொட்டியில எவ்வளவு உப்பு, மோர்ல எவ்வளவு உப்புன்னு கணக்குப் பாத்து சமைச்சுக்கிட்டிருக்கேன். நீ லாரிக்குள்ள உக்காந்து சாஸேஜ் முழுங்குறியா?"

"நான் தொடல, டெஸ்ஸா."

"அப்போ அந்த மெஷின் பொய் சொல்லுதா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஒடெஸ்ஸா நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் இருப்பவள். வாரத்தில் ஐந்து நாள் ஊரார் கோபத்தையெல்லாம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறவள். பதில் சொல்லாமல் நிற்பவரை மட்டும் அவளால் பொறுக்க முடியாது.

"ஊமை மாதிரி நிக்காத!" என்று கத்தினாள்.

ஃபெர்மன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரன் மறுபடி புல் வெட்ட ஆரம்பித்தான்.

* * *

அன்றைக்குப் பார்த்துத்தானா ஃபெர்மனின் அக்கா வெர்னிட்டாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வர வேண்டும்?

வெர்னிட்டா வீட்டுக் கொல்லையில் பெக்கான் மரத்தடியில் மூன்று நீள மேசைகள். விலா எலும்புக்கறி, தேன் தடவிய பன்றித் தொடை, சீஸ் வழியும் மக்ரோனி, புகையூட்டிய கறியோடு சேர்த்து வேகவைத்த காலர்ட் கீரை. உறவுக்காரர்கள் தட்டும் கையுமாக நின்றார்கள்.

ஒடெஸ்ஸா ஒரு மூடி போட்ட பாத்திரத்தோடு வந்து, மேசைக் கோடியில் வைத்தாள்.

"அது என்னம்மா?" என்றாள் வெர்னிட்டா. பிறந்தநாள் தொப்பி தலையில் இருந்தது. சிரிப்பு இல்லை.

"ஃபெர்மனுக்குச் சாப்பாடு."

"என் வீட்டு விருந்துக்கு என் தம்பிக்குத் தனிச் சாப்பாடா? அவனுக்கு ரெண்டு வயசுல அம்மா போயிட்டா. இந்தக் கையாலதான் ஊட்டி வளத்தேன். இப்ப என் கையில வெஷமா இருக்கு?"

"வெஷம்னு நான் சொல்லல. உப்புன்னு சொன்னேன்."

"உப்பு! உப்பு! இந்தப் பதினோரு வாரமா உன் வாயில வேற வார்த்தையே வரல. எங்கப்பா தொண்ணூத்தோரு வயசு வரைக்கும் தினம் பன்னிக்கறி தின்னாரு."

"உங்க தம்பி லூஷியஸ் அம்பத்தொண்ணுல விழுந்தாரு."

லூஷியஸ் பெயரை அந்த வீட்டு விசேஷங்களில் யாரும் எடுப்பதில்லை. ஃபெர்மனின் அண்ணன். பக்கவாதம் வந்து, பேச்சுப் போய், நான்கு வருடம் நாற்காலியில் கிடந்து செத்தவர்.

"அம்மா, வேணாம்" என்று ஜோனெல் தாயின் கையைப் பிடித்தாள். ஜோனெல் இவர்களுடைய ஒரே மகள். ஊருக்குள் முடியலங்காரக் கடை வைத்திருக்கிறாள்.

ஒடெஸ்ஸா கையை உதறினாள். "ஏன் வேணாம்? அந்த நாலு வருஷமும் அவர் யார் வீட்டுல இருந்தாரு? என் வீட்டுல. கூழா அடிச்சு ஸ்பூன்ல ஊட்டினது யாரு? நான். வாயிலேர்ந்து வழிஞ்சத தொடச்சது யாரு? நீங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வந்து, கன்னத்துல முத்தம் குடுத்து, 'ஆண்டவர் சித்தம்'னு சொல்லிட்டுப் போவீங்க. நான் இன்னொரு தடவ அதைச் செய்ய மாட்டேன் வெர்னிட்டா. இவருக்காகக்கூடச் செய்ய மாட்டேன்."

"யார் செய்யச் சொன்னா?"

"செய்ய வெக்கறீங்களே! இன்னிக்குக் காலையில நூத்தி எழுபத்திரண்டு. என் அடுப்புலேர்ந்து அது வரல. புதன்கிழமை புதன்கிழமை பஸ்ஸ விட்டுட்டு இங்க வர்றாரே, இங்கதான் என்னமோ நடக்குது."

வெர்னிட்டா தொப்பியைக் கழற்றினாள். அதன் ரப்பர் நாடா தாடையில் சுளீரென்று அடித்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஆமா, வர்றான். வந்தா நான் என்ன வெக்கறேன் தெரியுமா? தோலுரிச்ச கோழியை வெறும் தண்ணியில வேகவெச்சு வெக்கறேன். அவன்தான் கேட்டான். 'அக்கா, டெஸ்ஸாவுக்குப் பிராமிஸ் பண்ணியிருக்கேன்'னு சொன்னான். எழுபது வயசுல ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி சமைக்கக் கத்துக்கிட்டேன். உன்கிட்ட ஏன் சொல்லலேன்னா, நீ ஜெயிச்சேன்னு சிரிப்ப. அதான்."

ஒடெஸ்ஸா ஒரு நிமிடம் தடுமாறினாள். ஆனால் இத்தனை பேர் நடுவில் இறங்கி வர அவளுக்கு மனசு இல்லை.

"அப்போ நம்பர் எங்கேர்ந்து வந்தது?" என்றாள். "ஆகாசத்துலேர்ந்தா?"

அதுவரை மரத்தடியில் சாய்ந்து நின்ற ஃபெர்மன் மேசைக்கு வந்தார். ஒரு தட்டை எடுத்தார். விலா எலும்பு மூன்று வைத்தார். பன்றித் தொடையில் கனமாக ஒரு துண்டு. மக்ரோனி இரண்டு கரண்டி. அதன் மேல் இன்னொரு கரண்டி. குவித்த தட்டை மனைவியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"திங்கட்டுமா?"

"ஃபெர்மன்..."

"சொல்லு. திங்கலேன்னாலும் தின்னேங்கற. அப்போ தின்னுட்டே பழிய வாங்கிக்கறேனே! பதினோரு வாரம் டெஸ்ஸா. ரூடி பக்கத்துல உக்காந்து தின்னான். அந்த வாசனையில எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. ஜன்னல எறக்கி விட்டுட்டு ஓட்டினேன். அதுக்கு நீ குடுத்த பரிசு, எதிர்வீட்டுக்காரன் முன்னால என் சட்டைப் பையத் துழாவினது."

தட்டை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் மக்ரோனி தெறித்து விரிப்பெல்லாம் ஆனது. ஒரு வாய்கூட உண்ணாமல் திரும்பி, கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தார்.

ஜோனெல் மட்டும் அவர் நடையைப் பார்த்தாள். வலது காலை ஊன்றும்போதெல்லாம் அப்பாவின் தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது.

* * *

அரை மைலுக்கு அப்பால்தான் ஜோனெலால் அவரைப் பிடிக்க முடிந்தது. காரை ஓரமாக உருட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"ஏறுங்கப்பா."

"நடக்கிறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"நொண்டச் சொல்லல. ஏறுங்க."

ஏறி உட்காரும்போது, "ஸ்" என்று பல்லைக் கடித்தார்.

"முட்டியா? எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம் இருக்கும். சுத்திச் சுத்தி நடந்ததுல வந்தது. நடக்காம விட்டா உங்கம்மா விடுவாளா? அதான் மாத்திரையப் போட்டுக்கிட்டு நடக்கிறேன்."

ஜோனெலுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. முட்டிக்கு ஒரு பட்டை வாங்கலாம் என்றுதான் மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்தினாள்.

கடையில் மருந்து கொடுக்கும் இடத்தில் நரைத்த சடை போட்ட ஒரு பெண்மணி இருந்தார். முட்டிப் பட்டைகளில் எது நல்லது என்று ஜோனெல் கேட்டாள். அவர் ஃபெர்மனின் காலை எட்டிப் பார்த்தார். "வலிக்கு என்ன எடுத்துக்கறீங்க சார்?" என்று கேட்டார்.

"சும்மா கடையில விக்கறதுதாம்மா. சிவப்பு கலர்ல உருண்டையா இருக்கும். ஐப்யூப்ரோஃபென்."

"எத்தனை?"

"காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு."

"தினமுமா? எத்தனை நாளா?"

"அஞ்சு வாரமா."

அந்தப் பெண்மணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ரத்த அழுத்தம் உண்டா?"

ஃபெர்மன் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான். "உண்டாவா? அதனாலதாம்மா என் பொழப்பே நாறிக்கிட்டிருக்கு."

"சார், அந்த மாத்திரை அழுத்தத்த ஏத்தும். உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வெச்சிடும். டாக்டர் குடுத்த மாத்திரையையும் சரியா வேலை செய்ய விடாது. உங்களுக்கு இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இன்னியிலேர்ந்து அதத் தொடாதீங்க. டாக்டர் ஆபீசுல சனி ஞாயிறும் ஒரு நர்ஸ் போன் எடுப்பாங்க, இன்னிக்கே கூப்பிடுங்க. வலிக்கு வேற என்னன்னு அவங்க சொல்லட்டும். தலைவலி, நெஞ்சு வலி, கை மரத்துப்போறது, பேச்சுக் குழறுறது, எது வந்தாலும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"நிறுத்தினா எறங்குமா?" ஜோனெல் முந்திக்கொண்டாள். "வியாழக்கிழமைக்குள்ள?"

"சிலருக்குச் சில நாள்ல எறங்கும். சிலருக்குக் கொஞ்சம் கூட ஆகும். நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா."

ஃபெர்மன் கவுன்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாருமே என்கிட்ட கேக்கலியே" என்றார். "என்னென்ன மருந்து சாப்பிடறீங்கன்னு ஒரு ஃபாரம் குடுத்தாங்க. டாக்டர் குடுத்தத எழுதினேன். பல்பொடி வாங்குற கடையில வாங்குறத எவன் மருந்துன்னு நெனச்சான்?"

"டப்பாவுல போட்டிருக்கு சார். பின்னாடி."

"அதப் படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேணும்!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோனெல் அவர் தோளைத் தொட்டாள். அவர் அந்தப் பெண்மணியிடம், "மன்னிச்சுக்கம்மா. உன்மேல கோபமில்ல" என்றார். வெளியே வந்து கார்க் கதவை அறைந்து சாத்தினார்.

நர்ஸுக்கு ஜோனெலே கார் நிறுத்தத்திலிருந்து போன் செய்தாள். அவரும் அதையேதான் சொன்னார். வலிக்கு வேறு மருந்து சொல்லி, திங்கட்கிழமை காலை நேரில் வரச் சொன்னார். கோபத்தோடு இருக்கும்போது அழுத்தம் பார்க்கக் கூடாது, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, பேசாமல் இருந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"எங்க வீட்டுல அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கிறதா!" என்றார் ஃபெர்மன்.

கார் கொஞ்ச தூரம் போன பிறகு ஜோனெல் மெல்லக் கேட்டாள். "அந்த மாத்திரைய யாருப்பா வாங்கினது?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கம்மாதான். ஐந்நூறு மாத்திரை டப்பா. தினம் காலையில காபிக்குப் பக்கத்துல அவளே எடுத்து வெப்பா."

* * *

வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒடெஸ்ஸா விருந்திலிருந்து வந்து, சமையலறையில் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்தவற்றையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபெர்மன் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுதான்" என்றார்.

"எது?"

ஜோனெல் சொன்னாள். கடையில் அந்தப் பெண்மணி சொன்னது, நர்ஸ் சொன்னது, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

ஒடெஸ்ஸா குழாயை மூடினாள். ஈரக் கையோடு டப்பாவை எடுத்துத் திருப்பினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோனாள். உதடு அசைய அசையப் படித்தாள். ரொட்டியும் மோரும் தக்காளிச் சாறும் வாங்கும்போது விடாமல் படித்தவள், இந்த ஒன்றைப் படிக்கவில்லை.

"நான்தான் எடுத்து வெச்சேன்" என்றாள். "தினம். ரெண்டு ரெண்டா."

டப்பாவைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

"ஏன் ஃபெர்மன், முட்டி இவ்வளவு வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லல? கொஞ்சம் பிடிப்பா இருக்குன்னுதானே சொன்னே? அஞ்சு வாரமாவா ஒருத்தன்..." குரல் மறுபடி ஏறியது. பாதியில் அவளே நிறுத்திக்கொண்டாள்.

ஃபெர்மன் உள்ளறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பை இருந்தது. அதில் இரண்டு காக்கிச் சட்டை, சவர சாமான். ரத்த அழுத்தக் கருவியையும் எடுத்து அதற்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க போற?"

"அக்கா வீட்டுக்கு. வியாழக்கிழமை வரைக்கும்."

"ஒரு மாத்திரைக்காகவா? நான் தெரிஞ்சா குடுத்தேன்?"

"மாத்திரைக்காக இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. காலையில் அவர் சாத்திய கதவைவிட அது பலமாக விழுந்தது. "மாத்திரை நீ தெரியாம குடுத்தது. அந்தப் பைய எடுத்து எம் மூஞ்சிக்கு நேரே ஆட்டினியே, அது தெரிஞ்சுதானே செஞ்ச? முப்பத்தொரு வருஷம் டெஸ்ஸா. குடிச்சிருக்கேன், சொல்லியிருக்கேன். சீட்டாடியிருக்கேன், சொல்லியிருக்கேன். உன்கிட்ட ஒரே ஒரு பொய் சொன்னதுண்டா?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் காத்திருந்தார். அவள் டப்பாவின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"என் உடம்பு என்னோடது" என்றார். "வியாழக்கிழமை பரிசோதனையில நான் போய் உக்காரணும். பஸ் போனாலும் என் பஸ்தான் போகுது. நீ எனக்குத் தொணையா இருப்பேன்னு பாத்தேன். நீ வார்டன் ஆயிட்ட."

"அப்பா, இருங்கப்பா..." என்றாள் ஜோனெல்.

"நீ வண்டிய எடும்மா. எனக்குக் கால் வலிக்குது."

ஒடெஸ்ஸா வாசற்படி வரை வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. வெர்னிட்டா வீடு பன்னிரண்டு நிமிடத் தூரம். அந்த வீட்டுச் சமையலறையில் இப்போது மூன்று மேசை விருந்தின் மிச்சம் குவிந்து கிடக்கும்.

உள்ளே ஓடி வந்து போனை எடுத்தாள். நாலாவது மணி அடித்தபோது எடுத்தார்கள்.

"வெர்னிட்டா. நான்தான். வெச்சிடாதீங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"நான் மத்தியானம் சொன்னது தப்பு. எல்லாம் இல்ல. லூஷியஸ் பத்திச் சொன்னது சொன்னதுதான். ஆனா உங்க அடுப்பப் பத்திச் சொன்னது தப்பு. ஃபெர்மன் பையத் தூக்கிட்டு அங்கதான் வர்றாரு. அஞ்சு நாள் அங்கதான் இருப்பாரு."

"என் தம்பிக்கு என்ன சமைக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தரப் போறியா?"

"இல்ல." ஒடெஸ்ஸாவின் கை போனை இறுக்கியது. "கெஞ்சுறேன்."

கிளிக் என்று ஒரு சத்தம். வெர்னிட்டா போனை வைத்துவிட்டாளா, இல்லை எதையாவது இடித்துக்கொண்டாளா, தெரியவில்லை.

ஒடெஸ்ஸா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"முதல்ல வெங்காயத்த நல்லா செவக்க வதக்குங்க வெர்னிட்டா" என்று சொல்ல ஆரம்பித்தாள். "பூண்டு தாராளமா போடுங்க, உப்பு இல்லாதது தெரியாது. மொளகு அவருக்குப் பிடிக்கும். கடைசியில எறக்கறப்ப எலுமிச்சம்பழம் ஒரு மூடி..."